நாலாவது துளை

உட்துறைமுக வீதியில் ஏலத்துக்கு எடுத்த ரிசீவர்.
முதுகில் நாலு சோடித் துளைகள்,
எல்லாவற்றிலும் உப்புக்காற்று ஏற்றிய பச்சைக் களிம்பு.
ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கியுமாக
டிலோஜன் அரைநாள் தேய்த்தான்.

ஆக்ஸில் என் போன்.
சீடியில் அவனுடைய டிவிடிப் பெட்டி.
டேப்பில் டிவியைக் கொழுவினோம்:
மொனிட்டர் பொத்தானை அமுக்க மறந்தால்
செய்தி வாசிப்பவளுக்கு வாய் மட்டும் அசையும்.

போனோவில் ஒன்றும் குத்தாதே என்றான்.
குத்தினேன்.
ஸ்பீக்கர் கிழிந்த கத்தலில்
வேலிப்பக்கம் மேய்ந்த மான்கள்
ஒரேயடியாய்த் தலை தூக்கின.
பிடுங்கிவிட்டேன்.

இரவு கரண்ட் போய் வந்தது.
இருட்டில் என் கை பட்டதோ என்னவோ
குமிழ் போனோவில் நின்றது.
ஒன்றும் கொழுவாத துளை.
முதலில் வெறும் இரைச்சல்,
பிறகு இரைச்சலுக்குள் ஒரு ஆள்:

"அண்ணை, ஐஸ் முடிஞ்சுது.
சூரை இன்னும் அரைவாசி கிடக்கு.
என்ன செய்யிறது?"

சத்தத்தைக் கூட்டினோம்.
கரையிலிருந்து யாரோ பதில் சொல்லியிருப்பார்கள்.
எங்கள் பெட்டிக்கு அது எட்டவில்லை.

டிலோஜன் எழும்பிப் போய்
குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து
கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் நின்றான்.
ஏனென்று நான் கேட்கவில்லை.