படத்தின் கீழே எழுதியவன்

ஓவியர் வரைவார்.
கீழே எழுதுவது என் வேலை:
முதலில் மாகாணம், பிறகு
ஆள் எந்த ரகம்.

பொகோத்தாவில் எங்களை வழியனுப்பிய செயலர்
சொன்னது இவ்வளவுதான்:
"நாடு ஒன்று இருக்கிறது.
பார்க்க எப்படி இருக்கும் என்றுதான்
இங்கே யாருக்கும் தெரியவில்லை."

ஆறு கோவேறுகழுதைகள்.
ஒன்றின் முதுகில் வண்ணப்பெட்டி,
மற்றதில் எல்லாம் அளவுக்கருவிகள்,
எங்களுக்கு நடை.

வேலேஸில் தொப்பி முடைகிற பாஸ்தோராவுக்கு
கழுத்தில் மாங்காய் அளவு கழலை.
ஓவியர் பார்த்தார்,
தூரிகையை நனைத்தார்,
சால்வையைக் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டார்.
படத்தை வாங்கிப் பார்த்தவள்
"இது என் தங்கச்சி" என்றாள்.
நான் எழுதினேன்:
வேலேஸ். தொப்பி முடையும் பெண்.

கின்தியோ கணவாயில் பச்சை தீர்ந்துபோயிற்று.
மலைகளை நீலத்தால் சமாளித்தோம்.

சோக்கோவில் பதினெட்டு நாள் விடாத மழை.
காகிதம் காயவில்லை.
அடுப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டதில்
ஒரு நீதிபதியின் கன்னம் கறுத்தது.

அங்கேதான் ஆற்றில் இடுப்பளவு நின்று
மரத்தட்டில் பொன் அரித்துக்கொண்டிருந்தான்
தியோனிசியோ இபார்குவென்.
"அசையாதே" என்றார் ஓவியர்.
அவன் தட்டைத் தண்ணீரில் கவிழ்த்தான்.

"இரண்டு வருஷம் முன்பு வரை
எஜமானின் ஏட்டில் இருந்தேன்.
பேர், வயது, பல், விலை.
இது எந்த ஏடு?"

"தேசத்தினுடையது."

"விலை?"

"விலையெல்லாம் கிடையாது."

கொஞ்சம் யோசித்தான்.
"அப்போ பேர்?"

ஓவியர் என்னைப் பார்த்தார்.
எங்கள் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

அவன் திரும்பிக்கொண்டான்.
முதுகைத்தான் வரைந்தார்,
நன்றாகவே வந்தது, ஈரம் மினுங்க.
நோவித்தா. பொன் அரிப்பவன்.

தாளின் பின்பக்கம் பென்சிலால்
அவன் பேரை எழுதிவைத்தேன் என்று
சொல்ல ஆசைதான்.
எழுதவில்லை.
மழை வலுத்தது, கழுதைக்காரன் அவசரப்படுத்தினான்.

அமைச்சக மண்டபத்தில் படங்களை மாட்டிய அன்று
பட்டுக் கையுறை போட்ட ஒருத்தி
சுவரோரமாக நடந்துகொண்டே
"இது நாம், இதுவும் நாம்" என்றாள்.
முதுகின் முன்னால் கொஞ்சம் நின்றாள்.
அப்புறம் அடுத்த படத்துக்குப் போய்விட்டாள்.

அச்சடித்த பிரதிகள் சந்தைவரை போய்விட்டன.
வேலேஸ் பெண்கள் இப்போது
சால்வையை அந்த உயரத்துக்குத்தான் கட்டுகிறார்கள்,
கழலை இல்லாதவர்களும்.

நேற்று என் மகள்
பள்ளியில் வரைந்த கின்தியோவைக் கொண்டுவந்தாள்.
பெட்டியில் பச்சை முழுசாக இருந்தது.
மலைக்கு நீலம் பூசியிருந்தாள்.