மாதத்துக்கு இரண்டு

வருடத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில்,
லூஷியஸ் டேட்டிடம் மீன் வாங்குவேன்.
மிசிசிப்பி டெல்டா. இருபுறமும் பருத்தி வெடித்துக் கிடக்கும் சாலை.
நதி தடம் மாறிப் போனபோது விட்டுச் சென்ற
பிறை போன்ற கேட்லெட் ஏரி,
அதன் பாலத்தடியில் அவருடைய நீல ஐஸ் பெட்டி.

நான் அரசாங்கத்தின் ஆள்.
வாங்கிய மீனை அலுமினியத் தாளில் சுற்றி,
எண் எழுதி, தேதி எழுதி,
நூற்றிருபது மைல் தள்ளி அரைக்கக் கொடுப்பேன்.
தெரிந்தும் அவர்
இருப்பதிலேயே பெரிய பஃபலோ மீனைத்
தாடையில் விரல் கோத்துத் தூக்கி நீட்டுவார்.
"வாங்கிட்டுத் திங்காத ஒரே கிராக்கி நீங்கதான்.
எடை மட்டும் சரியா எழுதுங்க."

பயிருக்கு அடித்தபோது அதன் பெயர் மருந்து.
வரப்பைத் தாண்டியதும் பெயர் மாறிவிட்டது.

அவருக்கு ஏழு வயதில்
தாழப் பறந்த மஞ்சள் விமானத்தின் பின்னால்
அக்காவும் தம்பியுமாக ஓடியிருக்கிறார்கள்.
முடியெல்லாம் வெள்ளை. இருமல். சிரிப்பு.
பிறகு தடை வந்தது. விமானத்தை விற்றார்கள்.
ஓட்டியவரும் போய்ச் சேர்ந்தார்.
தூள்தான் இன்னும் இறங்கி முடியவில்லை.
மழைக்கு மழை வாய்க்காலில் இறங்குகிறது,
வாய்க்காலிலிருந்து சேற்றில்,
சேற்றிலிருந்து புழுவில்,
புழுவைத் தின்ற வாயில்,
அங்கிருந்து கொழுப்பில்.
கொழுப்பில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பார்களாம்.
மருந்திட்டவரை
உடம்பு நினைத்துக்கொள்கிறது,
யாரும் சொல்லித்தராமல்.

துண்டறிக்கை சொல்கிறது
(அதில் இரண்டு வரி நான் எழுதியது):
தோலை உரிக்கவும். முதுகோரத்துக் கருஞ்சதையை நீக்கவும்.
அடிவயிற்றுக் கொழுப்பை வெட்டி எறியவும்.
பொரிக்க வேண்டாம், கம்பிமேல் சுடவும்,
சொட்டுவது சொட்டட்டும்.
பெரியவர்களுக்கு மாதத்துக்கு இரண்டு வேளை.

கண்ணாடி உடைந்திருந்ததால்
ஓஸெல்லா என்னையே வாசிக்கச் சொன்னாள்.
கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாள்.
"கொழுப்பெடுத்தவன் எவனோ.
கொழுப்பை வெட்டி எறிய வேண்டியது நானா?"

என்னிடம் பதிலுக்கு இன்னொரு துண்டறிக்கைதான் இருந்தது.

நல்ல இறைச்சி விற்கும் கடை முப்பத்தொரு மைல்.
காருக்கு மார்ச்சிலிருந்து ஒரு சக்கரம் இல்லை.
சமையலறை நாட்காட்டியில்
மீன் சமைத்த நாளுக்கெல்லாம் ஒரு புள்ளி வைத்திருந்தாள்,
நான் போன வருடம் சொன்னதற்காக.
இன்று ஒன்பதாம் தேதி. புள்ளிகள் ஆறு.
நவம்பர் வரைக்குமானதைத் தின்று முடித்துவிட்டார்கள்.
"அப்போ டிசம்பர்லேர்ந்து தொடங்கறேன்," என்றாள்.
லூஷியஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வினிகரில் கழுவினாள். உப்புநீரில் கழுவினாள்.
எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மறுபடி கழுவினாள்.
கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் உண்டு.
இது எந்தக் கையிலிருந்தும் நழுவாது.

சோளமாவு, மிளகாய்த்தூள்,
இரும்புச் சட்டியில் எண்ணெய் பேசத் தொடங்கியதும்
வீட்டுக்குள் எங்கெங்கோ இருந்தவர்கள் எல்லாம்
ஒரு காரணமும் சொல்லாமல் வந்து சேர்ந்தார்கள்.
அவர்கள் மகள் வெர்லீன், ஏழு மாதம்,
நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள்.
அவளுக்கான வரி துண்டறிக்கையின் பின்பக்கம்.
நான் திருப்பவில்லை.
அவளுக்கு முட்டை.
அது ஏற்கனவே வேறு தட்டில் இருந்தது.

விருந்தாளிக்கு அடிவயிற்றுத் துண்டு.
வெட்டி எறியாதது. ஓரம் முறுகி, உள்ளே வெண்ணெயாக.
வெளியே வண்டியில், ஐஸின்மேல்,
எண் பதினான்கு, தாளுக்குள் விறைத்துக் கிடந்தது.
இது அதன் ஏரிதான். ஒரே வலைகூட இருக்கலாம்.

தின்றேன். முள்ளை விரலால் எடுத்து
தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்தேன்.
இவ்வளவு ருசியாக இருக்கும் என்று
எந்த அட்டவணையிலும் கட்டம் இல்லை.

வாசல்வரை வந்து ஓஸெல்லா சொன்னாள்,
"வியாழக்கிழமையும் வாங்க."

வரலாம்.
இந்த மாதம்
எனக்கு இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.