இரண்டு வரிக்குள்

முப்பத்தோரு வருஷம் பட்டறை நீடித்ததற்குக்
காரணம் கேட்கிறது கடன் விண்ணப்பம்.
இரண்டு வரி விட்டிருக்கிறார்கள்.
'உழைப்புன்னு போடுங்கக்கா' என்கிறான் ஆடிட்டர் பையன்.

உழைப்பாம்.
எதிர்வரிசை கிரில் பட்டறை அங்கண்ணன்
எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஷட்டரைத் தூக்குவார்.
இப்போது அங்கே மோமோஸ் விற்கிறார்கள்.

நாங்கள் செய்வது ஒரே சாமான்:
கிழங்கு அரைக்கும் உருளைக்குப்
பல் குத்திய தகடு.
ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகளில்
மண்ணோடு வந்து விழும் மரவள்ளி
ஒரே சீசனில் பல்லை மழுக்கிவிடும்.
மழுங்கினால் வருவார்கள்.

மழுங்காத தகடும் பண்ணிப் பார்த்தோம்,
தொண்ணூற்றெட்டில்.
வீட்டுக்காரர் ராத்தூக்கம் கெட்டுத் தேடிப் பிடித்த எஃகு.
வாங்கியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.
அப்புறம் மூன்று வருஷம்
ஒருவரும் வாசலை மிதிக்கவில்லை.
ஐந்து ரோட்டு அடகுக் கடையில் என் அட்டிகை
எங்களைவிட நிம்மதியாக இருந்தது.

இதை எந்த வரியில் எழுத?

ஜவ்வரிசி விலை படுத்த வருஷம்
தலைவாசல் செல்லப்பன் பாக்கிப் பணத்துக்கு
எட்டு மூட்டை ஜவ்வரிசி இறக்கிவிட்டுப் போனார்.
பச்சியம்மாவுக்கும் லேத் மாதுவுக்கும்
பாதிச் சம்பளம் அதுதான்.
மூன்று வீட்டிலும் ஒரு மாதம்
உப்புமா, கஞ்சி, மொட்டைமாடி நிறைய வடாம்.
மாது வேலையை விட்டுப் போகவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் யோசித்துவிடுவாரோ என்று பயம்.

அப்புறம் இடத்துக்காரர்.
மகனோடு மஸ்கட் போனவர்
ஒன்பது வருஷம் வாடகையை ஏற்ற மறந்தார்.
மாதம் ஐந்தாம் தேதி பணம் போட்டுவிடுவோம்,
எங்கள் ஞாபகமே அவருக்கு வராத அளவு ஒழுங்காக.

உள்ளே மாது பிரஸ்ஸை மிதிக்கிறார்.
டக். டக்.
குத்துக்கு ஒரு பல்.
இப்போது போடும் தகடு
ஒன்றரை சீசன் தாங்கும்.
இரண்டு தாங்காது.
ஒன்று என்று சொல்லித்தான் விற்கிறோம்.
மேலே கிடக்கிற அந்த அரை சீசன்தான்
எங்கள் நாணயம்,
இரண்டு அர்த்தத்திலும்.

'உழைப்பு' என்றே எழுதினேன்.
இரண்டாவது வரி காலி.
பேனாவை வாங்கிக்கொண்டே பையன் கேட்கிறான்:
'ஆலை விலைக்கு ஜவ்வரிசி
ஒரு அஞ்சு கிலோ கிடைக்குமாக்கா?'