கறுப்பு வா

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட்,
மருத்துவக் கல்லூரி நூலக மாடி.
பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டு:
மஞ்சள் காய்ச்சல், கடிதங்கள், மூவர்.
அதன் கீழே பென்சிலில் யாரோ: தேவையா?

நான் பட்டியலிடுகிறேன்.
தாளுக்கு ஒன்றரை ரூபாய் கூலி.
உறை தனித் தாளாகாது என்று
முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக ஏறி
ஊசிச் சீட்டு கேட்கிற மச்சாது.
அம்பாசமுத்திரத்தில் பிரசவம் பார்த்த கையோடு
மசி சிந்தி எழுதுகிற உலகம்மாள்.
இங்கே பாளையங்கோட்டையில் ஜெபமணி,
அடிக்குறிப்புக்கும் அடிக்குறிப்பு போடுகிறவர்.

தேடியது நோயை அல்ல.
அது ஏன் இங்கே வரவில்லை என்பதை.

"கொசு இருக்கு" என்கிறார் மச்சாது,
"காலில் வெள்ளை வரி போட்ட அதே கொசு,
என் வீட்டுத் தொட்டியிலதான் குடும்பம் நடத்துது.
கப்பல் வருது, ஆள் வாரான், வெயில் இருக்கு.
இலை போட்டாச்சு வே ஜெபமணி,
மாப்பிள்ளையை மட்டும் காணோமே, ஏன்?"

பதிலுக்கு ஜெபமணி அனுப்பியது ஒற்றை வரி.
தேரிக்காட்டுக்கு அந்தப் பக்கம்
ஒரு சின்னக் கோயிலின் அடக்கப் பதிவேட்டில்
குனிந்து நின்று பார்த்து எழுதியது:
*மரக்கலத்தான் ஒருவன். பெயர் தெரியாது.
ஐந்தாம் நாள் கண் மஞ்சள்.
ஆறாம் நாள் கறுப்பு வா*

அதற்குப் பிறகு ராமபாணப் பூச்சி.
மிளகளவு ஓட்டை.

பதினோரு வருஷம்
அந்த மிளகுக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள்.

வாந்தி, என்றார் மச்சாது. கறுப்பு வாந்தி.
மாப்பிள்ளை வந்தார்,
வந்த வாரமே செத்தும் போனார்.
வாய், என்றார் ஜெபமணி.
வெற்றிலை போடுகிறவனாக இருக்கலாம் (அடிக்குறிப்பு ஏழு).
உலகம்மாள் ஒரு வருஷம் பதிலே போடவில்லை.
அந்தப் பிசான நடவில்
சேற்றில் நின்ற ஏழு பேர் மஞ்சளாகி வந்தார்கள்.
நாலு பேர் வீடு திரும்பினார்கள்.
பிறகு எழுதினார்:

"எலி மூத்திரம், வயல் தண்ணீர், வெடித்த குதிகால்.
இதற்குக் கப்பல் வேண்டாம்.
மரக்கலத்தானுக்கு வியாதி தேடுகிறீர்கள் இரண்டு பேரும்.
பெயர் தேடினீர்களா?
இன்னொன்று. மஞ்சள் என்கிற சொல்லை
வியாதிக்கு வைத்தவன் நம் பக்கத்து ஆள் இல்லை.
நேற்று ஒருத்தி முகம் நிறையப் பூசிக்கொண்டு வந்தாள்.
அதைத் துடைக்கச் சொன்ன பிறகுதான்
காமாலை தெரிந்தது."

மச்சாது இதற்கு ஒரு பொட்டலம் கருவாடு அனுப்பியிருக்கிறார்.
கடிதம் இல்லை.
சுற்றிவந்த தாளில் எண்ணெய்.
அதையும் ஒரு தாளாக எண்ணிக்கொண்டேன்.

கடைசிக் கடிதம் ஜெபமணியுடையது.
தேதி இருந்த மூலை கிழிந்துவிட்டது.
மறுபடியும் போய்ப் பதிவேட்டைப் பார்த்தாராம்.
ஓட்டை பெரிதாகிவிட்டதாம்.
கறுப்பும் போய்விட்டது.
*கண் மஞ்சள். ஆறாம் நாள்*
அவ்வளவுதான் மிச்சம்.
கீழே, வழக்கம்போல, பொடி எழுத்தில்:
"மச்சாது அடக்கத்துக்கு என்னால் போய்ச் சேர முடியவில்லை.
ரயில் மணியாச்சியிலேயே நின்றுவிட்டது.
நீங்கள் போனீர்களா?"

அதற்குப் பதில் இந்தப் பெட்டியில் இல்லை.

படிவத்தில் 'பொருள்' என்று ஒரு கட்டம்.
வராத நோய் என்று எழுதி அடித்தேன்.
பெயர் தெரியாதவன் என்று எழுதி
அதையும் அடித்தேன்.
கறுப்பு வா, என்று எழுதினேன்.
முன்பின் தெரியாமல் வாசிக்கிறவருக்கு
யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.

கணுக்காலில் சுருக்கென்றது.
அடித்தேன், தப்பிவிட்டது,
வெள்ளை வரியை மட்டும் பார்த்தேன்.
சன்னலோரம் ஓடாத ஏர்கூலர்,
அடித்தட்டில் தண்ணீர், தண்ணீரில் நெளிவு.
காவலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
எட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்,
"அது போன வருசத்துத் தண்ணில்லா."