ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

ஒன்பதாம் பக்கத்தில்
காட்டுமாட்டுக் கன்று அடிவாரத்தில் நிற்கிறது.
பத்தாம் பக்கத்தில்
ஏற்காடு ஏரிக்கரையில், குடையோடு.
நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின்.

எப்படிப் போச்சு என்று
எழுதியவரிடம் கேட்டோம்.
"திருப்பினா போயிரும்" என்றார்.

நொடிக்குப் பன்னிரண்டு படம்.
இருபது கொண்டை ஊசி வளைவையும்
நான்தான் ஏறியாக வேண்டும்.
மூன்று வாரமாக ஏறுகிறேன்,
அம்மாபேட்டை மாடியில்,
கீழே விசைத்தறி மேசையை உலுக்க உலுக்க.
பதினோராவது வளைவில் கன்றுக்குக் கால் ஐந்து.
சௌடேஸ்வரிதான் கண்டுபிடித்தாள்.
குடை எங்கே கிடைத்தது என்பதற்கு
இன்னும் பதில் இல்லை.

நேற்று கரண்ட் போனது. தறி நின்றது.
அந்தப் பத்து நிமிடத்துக்குள்
குரலைப் பதிந்துவிடலாம் என்று
தறிக்காரர் மகள் லோகிதாவைக் கூப்பிட்டோம்.
ஒன்பதாம் பக்கம் வாசித்தாள்.
நிறுத்தினாள். விரலை நாக்கில் தொட்டாள்.
தாள் சரக்கென்றது.
"மேல வந்துட்டேன்!"

இளவரசு ஹெட்போனைக் கழற்றவே இல்லை.
தாள் சத்தத்தை மட்டும்
திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்.
எனக்குத் தெரிந்துவிட்டது,
இருபது வளைவும் போச்சு.

ஐந்து கால் கன்றை மட்டும்
நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.