ஆறாவது பாட்டு, மூன்றாவது தட்டு

ஹாமில்டனில், பார்ட்டன் தெருவில்,
சைலன்சர் மாற்றும் கடைக்குப் பின்புறம் என் ஸ்டூடியோ.
வருகிற எல்லாக் குழுவும் அந்தப் பொருத்தத்தைச்
சொல்லிச் சிரிக்கும் ஒருமுறை.
நானும் சிரிப்பேன். அது வாடகையில் சேர்த்தி.

இவர்கள் ஒன்பது நாள் பேசியிருந்தார்கள்.
காசு எட்டாம் நாளே தீரும் என்று எனக்குத் தெரியும்;
ஒலிப்பதிவும் நான், ரசீதுப் புத்தகமும் நான்.

ஐந்தாம் நாள் இரவுக்குள் ஐந்து பாட்டு.
ஆறாவது நிற்கவில்லை.
முப்பத்தொரு முறை எடுத்தோம்.
இரண்டு இருபதுக்கு உருக்காலைக்குப் போகும் சரக்கு ரயில்
வழக்கம்போல் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது.
அந்த நான்கு நிமிடம் யாரும் வாசிப்பதில்லை.
டிரம்ஸ்காரன் ஓரெட் மட்டும் தொடையில் தட்டியபடி
ரயில் கொஞ்சம் பிந்துகிறது என்று குறை சொன்னான்.
லூர்தெஸ் தேன் கரைத்த வெந்நீரை அப்படியே வைத்துவிட்டு
காரில் போய்ப் படுத்துக்கொண்டாள்.
டிரம்பெட் கெல்லன்
சூயிங்கம் உறையில் படகு மடித்தான்.
ஏழு படகு.

துவாரகன் பேஸ் கிட்டார்.
கட்டைவிரலால் கம்பியை அறைவான்,
சுட்டுவிரலால் பிடுங்குவான்,
ஒரு தட்டுக்கும் மறு தட்டுக்கும் நடுவே
குருவி உட்கார இடம் விடமாட்டான்.
அழகான விரல்கள். அதுதான் கோளாறு.

"கனக்க வாசிக்கிறாய்" என்றேன்.
"கனமா இருக்கோ?" என்று சந்தோஷப்பட்டான்.

ஓரெட் தன் பாஷையில் சொல்லிப் பார்த்தான்:
ஒன்றில் விழு.
மூன்றில் ஒன்றும் செய்யாதே.
"ஒண்டும் செய்யாமல் இருக்கிறதுக்கோ
பத்தொன்பது மணித்தியாலம் முழிச்சிருக்கிறன்?"
இதை என்னிடம்தான் கேட்டான், தமிழில்.
நான் மொழிபெயர்க்கவில்லை.

ஆறாம் நாள் நேரத்துக்கு வரவில்லை.
கோழித் தொழிற்சாலையில் விடிகாலை ஷிப்ட்,
தூக்கம் இல்லாத கண்,
கத்தி கையுறையைத் தாண்டிவிட்டது.
கட்டைவிரலில் நாலு தையல்.
மூன்று மணிக்குக் கதவைத் திறந்து வந்தான்,
விரலுக்கு வெள்ளைத் தலைப்பாகை,
சப்பாத்தில் மார்ச் மாதத்துச் சேற்றுப்பனி.
"வாடகை ஓடுது" என்றான்.

அறைய முடியவில்லை.
இரண்டு விரலால் தடவித் தடவி
ஒன்றில் ஒரு சொட்டு,
இரண்டில் ஓர் இழுப்பு,
மூன்றுக்கு வரும்போது வலி வந்து
கையைக் கம்பியிலிருந்து தூக்கிவிட்டது.
நான்கில்தான் திரும்பி வந்தான்.

அந்த இடத்தில்
ஓரெட்டின் ஹை-ஹாட் கேட்டது.
ஐந்து நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லூர்தெஸ்
எழுதிய இடத்தில் தொடங்காமல்
அரைத் தட்டுப் பிந்தி வாய் திறந்தாள்.
கெல்லன் தன் பகுதியை வாசிக்கவே இல்லை.
கேட்டால் மறந்துவிட்டேன் என்றான்.

ஒரே டேக்.
முடிவில் துவாரகன் "ஸ்ஸ்… அம்மா" என்றது
அப்படியே பதிவாகியிருக்கிறது. வெட்டவில்லை.
பத்திரிகையில் ஒருவர் அதைப் பிரார்த்தனை என்று எழுதினார்.
பேஸ் வாசிப்பில் அபூர்வமான அடக்கம் என்றும் எழுதினார்.
துவாரகன் அந்த வரியைப் போனில் படமெடுத்து
தொழிற்சாலை மேற்பார்வையாளருக்கு அனுப்பினான்.

ஆல்பம் அட்டையில் ஏழு காகிதப் படகுகள்.
நன்றிப் பட்டியலில் கடைசிப் பெயர்
தையல் போட்ட டாக்டருடையது,
எழுத்துப்பிழையோடு.

ஜூலையில் ஜேம்ஸ் தெருவில் வெளியீட்டு இரவு.
இருநூறு பேர், எரியும் வெக்கை.
விரல் ஆறிவிட்டது; ஒரு கோடு மட்டும்.
ஆறாவது பாட்டு தொடங்கியது.
பழைய குருடி கதவைத் திறடி என்று
அறைந்தான், பிடுங்கினான்,
குருவியைத் துரத்திவிட்டான்.

கூட்டம் குதித்தது. குதிக்கத்தான் செய்யும்.
ஓரெட் டிரம்ஸுக்கு மேலாக
என் மேசையைப் பார்த்தான்.

மூன்றாம் தட்டு வரும்போதெல்லாம்
துவாரகனின் ஃபேடரைக் கொஞ்சம் கீழே இழுத்தேன்.
மேடையில் அவன் பக்கத்திலிருந்த பெட்டி மட்டும்
எனக்கு அடங்காமல் உறுமிக்கொண்டிருந்தது.
நாலாவது சுற்றில் கண்டுபிடித்துவிட்டான்.
வாசித்தபடியே என்னை முறைத்தான்.

நான் ரசீதுப் புத்தகத்தைத் தேடுகிறவள் போலக்
குனிந்துகொண்டேன்.