இவருடைய பொறுப்புகள் யாருக்கு

கோட்டையூரில் ஒரு பலகாரக் கம்பெனி.
நாற்பத்து மூன்று பேர், ஆறு கணினி,
தீபாவளிக்கு முன்னால் போர்ட்டல் வேண்டும் என்றார்கள்.
நான் கட்டம் போட்டேன்.
இடப்பக்கம் ஆட்கள்; மேலே
பார்க்க, எழுத, திருத்த, ஒப்புதல் தர, அழிக்க.

ஐந்து வினைச்சொல்லுக்குள்
எந்தத் தொழிற்சாலையும் அடங்கிவிடும் என்றுதான்
எனக்குப் படிப்பித்திருந்தார்கள்.

முதலாளி உமையாள்
தன் வரிசையில் எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கச் சொன்னார்.
பிறகு குனிந்து பார்த்து,
"அழிக்கிறது மட்டும் வேண்டாம்.
கோபம் வந்தா எனக்குக் கை நிக்காது."
தன் அதிகாரத்தில் ஒன்றைத்
தானே குறைத்துக்கொண்ட ஆளை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிக்கந்தர், ஏற்றுமதி:
சிங்கப்பூர் பட்டியல் பார்க்கலாம், எழுதலாம்.
ஏசுராணி, பேக்கிங்: எடை பதியலாம், திருத்தக் கூடாது.
"தப்பாப் போட்டது நானுன்னா
நான்தானே திருத்தணும்?"
அன்று இரவு எட்டு மணி வரை திருத்தலாம்
என்று அடிக்குறிப்பு ஏறியது.

பஞ்சவர்ணம், அடுப்புப் பகுதி.
எண்ணெயை எப்போது கொட்டவேண்டும் என்று சொல்பவள்.
அதற்கு ஒப்புதல் தருபவர்
மாடியில், ஏசி அறையில், தீராத மூக்கடைப்போடு.
அம்புக்குறியைத் திருப்பிப் போட்டேன்.
மேலாளர் அதை இரண்டு முறை பழையபடி மாற்றினார்.
மூன்றாம் முறை விட்டுவிட்டார்.

காவலாளி அடைக்கலம் பட்டியலிலேயே இல்லை.
எல்லோருடைய பாஸ்வேர்டும் அவரிடம்தான் இருந்தது:
உரக்கடைக் காலண்டரின் பின்பக்கம்,
பென்சிலில், இனிஷியலோடு.
"மறந்துட்டு வந்து நிப்பாங்கம்மா, பாவம்."

அதற்குப் பிறகுதான் பழைய சிஸ்டத்தைத் திறந்தேன்.
விடுப்பு, முன்பணம், ஓவர்டைம்,
எதைத் தொட்டாலும் ஒப்புதல்: வயிரவன்.
நேற்று மாலை நாலேகாலுக்கும் வயிரவன்.
இன்றைக்கு அவர் வரவில்லையா என்று கேட்டேன்.
அறையில் மின்விசிறி மட்டும் பேசியது.
"போன ஆடியிலயே தவறிட்டார்" என்றார் சிக்கந்தர்
மானிட்டரை விட்டுக் கண்ணெடுக்காமல்.

பதினான்கு மாதம்.
அறுநூற்றுப் பதினொரு ஒப்புதல்.
உயிரோடிருந்தபோது கூட
இத்தனை சுறுசுறுப்பாக இருந்திருக்க மாட்டார்.

திருட்டு என்றே நினைத்தேன்.
காரைக்குடி லாட்ஜில்
கொசுவர்த்தி ஒரு சுருள் தீரும்வரை
வரிவரியாக எண்ணினேன்.
முன்பணம் சரி. ஓவர்டைம் சரி.
ஒரே ஒருவர் அரைநாள் கூட எடுத்திருந்தார்.
பெயரை எழுத மாட்டேன்.

அப்போது அந்த இடம் வந்தது.
போன அக்டோபர் ஒன்பது.
6.52. பஞ்சவர்ணம். இரண்டு நாள் விடுப்பு.
மகளுக்கு வளைகாப்பு.
6.58. அதே அடுப்புப் பகுதிக் கணினி.
வயிரவன். மறுக்கப்பட்டது.
"அதிரச ஆர்டர் நிக்குது. ஒரு நாள் போதும்."
6.59. பஞ்சவர்ணம். ஒரு நாள்.
7.01. வயிரவன். சரி.

அந்த ஆறு நிமிஷம்
அவள் எங்கே உட்கார்ந்திருந்தாள்,
யாராக உட்கார்ந்திருந்தாள்?
என் கட்டத்தில் அதற்கு நிரல் கிடையாது.

காலையில் சிக்கந்தரிடம் மட்டும் கேட்டேன்,
ஆச்சிக்குத் தெரியுமா?
"சம்பளம் போடுறதே அவங்கதானே."

வயிரவனின் கணக்கை மூடப் போனேன்.
திரை கேட்டது:
இவருடைய பொறுப்புகள் யாருக்கு?
கீழே நாற்பத்து மூன்று பெயர்.
ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாமாம்.

வாசலில் லாரி ரிவர்ஸ் எடுத்து அலறிக்கொண்டிருந்தது.
உமையாள் பின்னால் வந்து நின்று படித்தார்,
ஒன்றும் சொல்லாமல் லாரியைப் பார்க்கப் போனார்.
'பிறகு' என்பதை அழுத்திவிட்டு
அடுப்புப் பகுதிக்கு இறங்கினேன்.

அங்கிருந்த கீபோர்டில்
ஆறேழு விசைகள் மட்டும்
எண்ணெய் ஏறிப் பளபளத்தன.